ஆட்டக்களமும் காமிராக் கண்ணும்

நம் கலாசாலைச் சஞ்சிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு விஷயம் எளிதில் புலப்படும். விளையாட்டுப் பகுதியில் எந்த ஆண்டை எடுத்தாலும் ஒரே விதமான படமே காணப்படும். நாற்காலிகளில் சிலர், அவர்கள் நடுவே தேகப்பயிற்சி ஆசிரியர், பின்னே கைகட்டி நிற்போர் சிலர், தரையில் ஒரு வெள்ளிக் கோப்பை. அடியில் ‘இருப்போர், இடமிருந்து வலம்’ என்று தொடங்கும் பெயர் வரிசை. இவர்கள் ஆடினார்கள் என்பதற்கு அந்தக் கோப்பை ஒன்றே சாட்சி. எங்ஙனம் ஆடினார்கள் என்று அறிவதற்கு வழியில்லை.

முற்காலத்தில் இதற்குத் தக்க காரணம் இருந்தது. 1839ஆம் ஆண்டில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில் படத்திற்கு இருப்பவர் நிமிஷக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். 1840ல் வியன்னா நகரத்துக் கணித ஆசிரியர் பெட்ஸ்வால் என்பார் அகன்ற வாயுடைய லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டு அமைத்த பின்னரே நிமிஷங்கள் வினாடிகளாகக் குறையத் தொடங்கின. 1878ல் மைபிரிட்ஜ் என்பவர், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுவதைப் படத்தில் காட்டினார். அதற்கும் கலிபோர்னியாவின் வெயிலும் வெள்ளைத் திரையும் தேவைப்பட்டன. இன்றோ ஏழை மாணவன் கையிலுள்ள சாதாரணக் காமிராவும் ஒரு வினாடியை 4,000 கூறாக்க வல்லது. ஆயினும் நம் படம் மாறவில்லை. குற்றம் காமிராவினுடையது அன்று, அதன் முன்னே பொருத்திய கண்ணாடியினுடையது என்பது என் அபிப்பிராயம்.

என் ஊர் திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமம். புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணீவனம் என்பதே திண்டிவனம் என மருவிற்று என்பர்; புளியமரங்கள் இன்று குறைந்துவிட்டன, சடுகுடு ஆடுவோர் குறையவில்லை. பொங்கலையொட்டி இப்பக்கத்து ஊர்களில் இரவு முழுதும் ஆட்டம் நடப்பதுண்டு. அறுவடையான கொல்லையைச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடிட்டு, நான்கு மூலையிலும் மூங்கிலில் விளக்குக் கட்டிவிட்டால் களம் தயார். ஆடுவோரில் பலர் பகலில் செங்கற்சூளைக்கோ கட்டட வேலைக்கோ செல்பவர்கள். அவர்களுள் ஒருவன் என் பால்ய நண்பன். பாடிச் செல்வதில் அவனுக்கு நிகரானவர் எங்கள் சுற்று வட்டாரத்தில் இல்லை. சான்றிதழ்களை அரிசிப் பையினுள் பத்திரமாக வைத்திருக்கிறான். ஒரு நாள், “நான் கோட்டைத் தொடும்போது எப்படி இருப்பேன் என்று இதுவரை நான் பார்த்ததே இல்லையடா” என்றான். இந்த ஒரு வார்த்தையே என்னை லென்ஸ் தேடச் செய்தது.

என் தாய்மாமன் எனக்களித்த கானன் 1500டி காமிராவுடன் வந்தது 18 முதல் 55 மில்லிமீட்டர் வரையுள்ள லென்ஸ். அதன் நீண்ட முனையில் வாய் திறக்கும் அளவு எஃப் 5.6. இந்த எண் குறையக் குறைய வாய் அகலும் என்பது இக்கலையின் அரிச்சுவடி. மூங்கில் விளக்கின் வெளிச்சத்தில், காமிராவின் உணர்திறனை 3200 என்று உயர்த்தி வைத்தபோதும், இந்த லென்ஸ் வினாடியில் 60ல் ஒரு பங்கு நேரம் கேட்டது. பாடி வருபவன் கை வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பாய்கிறதென்று கொள்வோம். அந்த நேரத்திற்குள் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கை இராது, கைபோன்ற ஒரு புகை இருக்கும். 500ல் ஒரு பங்கு நேரமாயின் நகர்வு சுமார் 1 சென்டிமீட்டர்தான். கைந்நடுக்கத்தை நீக்கும் அமைப்பு லென்ஸில் உண்டே என்று சிலர் சொல்லக்கூடும். அது படம் எடுப்பவன் கையை நிலைநிறுத்துமேயன்றி ஆடுபவன் கையை நிறுத்தாது. மின்னல் விளக்கைப் பயன்படுத்தலாமோவெனில், எதிராளியின் கணுக்காலைப் பிடிக்கக் காத்திருப்பவன் கண்ணில் அதைப் பாய்ச்சுவது நேர்மையான காரியம் அன்று.

இத்தகைய ஆட்டங்களுக்கென்று தொழிலாளர் வைத்திருப்பது 70 முதல் 200 வரை நீண்டு, எங்கும் எஃப் 2.8 திறக்கும் லென்ஸ். அதன் புது விலை ஒரு லட்சத்திற்கு மேல். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுத்து நான் சேர்த்திருந்ததோ 12,000 ரூபாய். ஆகையால் நீளம், அகலம் என்னும் இரண்டில் ஒன்றையே நான் விலைக்கு வாங்க இயலும். விடுதி நண்பர் ஒருவர் 300 மில்லிமீட்டர் குழலே சிலாக்கியமானது என்று வாதித்தார். நீண்ட குழலைக் கண்டால் களத்தில் வழிவிடுவார்கள் என்பது அவர் கூறிய நியாயங்களில் ஒன்று, அது பொய்யுமன்று!

நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். ஆடவர் சடுகுடுக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடி வருபவன் கடக்க வேண்டிய கோடு இருக்கிறது. அப்படியானால் கடைக்கோட்டுக்கும் அதற்கும் இடையே 2.75 மீட்டரே உண்டு. கடைக்கோட்டுக்குப் பின்னே 2 மீட்டர் தள்ளி நான் தரையில் அமர்ந்தால், எனக்கும் அவனுக்கும் இடைத்தூரம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் காமிராவின் உணர்தகடு 22.3 மில்லிமீட்டர் அகலம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் அத்தூரத்தில் ஏறக்குறைய 2.2 மீட்டர் அகலத்தைப் படத்தில் அடக்கும். குனிந்து வரும் ஒருவனும் அவனை நெருங்கும் இருவரும் அதில் அடங்குவர். 300 மில்லிமீட்டரோ அங்கே ஒரு முகத்தையும் தோளையும் மட்டுமே தரும். இச்சிறு களத்துக்கு நீளம் வேண்டுவதில்லை. வேண்டுவது வெளிச்சம். 50 மில்லிமீட்டரில் எஃப் 1.8 திறக்கும் லென்ஸ்தான் கானன் வரிசையில் மிக மலிவானவற்றுள் ஒன்று. 5.6ஐ 1.8ஆல் வகுத்து வந்த ஈவைத் தன்னாலேயே பெருக்கிப் பாருங்கள். 10க்குச் சற்றுக் குறைவாக வரும். அத்தனை மடங்கு ஒளி!

விழுப்புரத்தில் ரயிலடிக்குச் சமீபத்தில் ஒரு கலியாணப் புகைப்பட நிலையம். 2018க்குப் பின் கண்ணாடியில்லாக் காமிராக்கள் பெருகியதால் அந்த நிலையத்தார் தம் பழைய லென்ஸ்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுச் சென்றேன். “பெண்ணின் முகம் எடுக்க வைத்திருந்தேன் தம்பி, சடுகுடுவுக்கு இதையா கேட்கிறாய்?” என்று அவர் வியந்தார். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று 1990ல் வெளிவந்த அமைப்பு. மங்கிய ஒளியில் குவியம் தேடி முன்னும் பின்னும் ஓடி முனகுவது. மற்றது 2015ல் திருத்தி வெளியிடப்பட்டது. பின்னதையே தேர்ந்தேன்.

பழைய லென்ஸ் வாங்குவோர் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. பின்புறத்திலிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி உள்ளே நோக்க வேண்டும். நம் கடலோரப் பிரதேசத்து ஈரத்தில் கண்ணாடியின்மேல் சிலந்தி நூல்போல் பூஞ்சை படரும். அது இருப்பின் விலை எவ்வளவு குறைவாயினும் வேண்டா. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் பாதகமில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். சுவரில் தினத்தாள் ஒன்றை ஒட்டி, வாயை முழுதும் திறந்து படமெடுத்து, நான்கு மூலை எழுத்துக்களும் ஒரே அளவு தெளிவாயுள்ளனவா என்று பார்த்தேன். அவர் 6,000 கேட்டார், 5,500க்கு முடிந்தது. நிக்கான் வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்நிறுவனத்தின் மலிவுக் காமிராக்கள் பலவற்றில் குவியம் திருப்பும் மோட்டார் இல்லை. ஆதலால் மோட்டார் தன்னுள் இல்லாத பழைய லென்ஸ்களில் கையால்தான் திருப்ப வேண்டும். கானனில் 1987 முதல் வந்த இ.எஃப். லென்ஸ்களில் மோட்டார் லென்ஸினுள்ளேயே உண்டு.

அடுத்த பொங்கல் இரவு அதே களத்தில் அமர்ந்தேன். எஃப் 2 வைத்ததும் 500ல் ஒரு பங்கு நேரம் கிடைத்தது. எனினும் அகன்ற வாய்க்கு ஒரு விலை உண்டு. 5 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் முக்கால் மீட்டர் மட்டுமே. ஆகையால் ஆட்டக்காரனைத் துரத்துவதை விட்டு, ஒன்பது குவிப்புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டின்மேல் முன்கூட்டியே குவித்துக் காத்திருந்தேன். ஒரு பாட்டுக்கு 30 வினாடி. வந்துதானே ஆக வேண்டும்! மலிவான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிப்பதால் சில படங்கள் இருண்டும் சிலவற்றில் பட்டை விழுந்தும் போயின. அதற்கு நிறைய எடுப்பதைத் தவிர வேறு பரிகாரம் எனக்குக் கிட்டவில்லை. 400 படங்களில் நிறுத்தத்தக்கவை 11.

மீதியிருந்த பணத்தில் 6,000 கொடுத்து, 55 முதல் 250 வரை நீளும் பழைய லென்ஸ் ஒன்றும் பின்னர் வாங்கினேன். அது குறுகிய வாயுடையது. விழுப்புரத்து மைதானத்தில் பகலில் ஓட்டமும் நீளத்தாண்டலும் எடுப்பதற்கு அதுவே ஏற்றது. அங்கே தூரம் அதிகம், சூரியனோ காசு கேட்பதில்லை. எஃப் 5.6 வைத்தும், உணர்திறன் 200லேயே 1,600ல் ஒரு பங்கு நேரம் கிடைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 11,500.

பதினொன்றில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு நண்பன் வீட்டிற்குக் கொண்டுபோனேன். ஒருவன் அவன் இடுப்பையும் மற்றொருவன் முழங்காலையும் பற்றியிருக்க, உடல் சாய்ந்து, இடக்கால் விரல் சுண்ணாம்புக் கோட்டைக் கடந்து நிற்கிறது; கோட்டின் தூள் எழும்பியது கூடத் தெரிகிறது. அவன் வெகுநேரம் பேசாமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாயார் மட்டும், “முகம் சரியாகத் தெரியவில்லையே தம்பி, நேராக நிற்கவைத்து ஒன்று எடுத்துக் கொடு” என்றார். வாசலில் நிறுத்தி அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பழைய லென்ஸே போதுமாயிருந்தது.