இரவல் கார் வாங்கும் முன்

நண்பரின் காரை வாங்கிக்கொண்டுபோய் மோதிவிட்டால் செலவு யாருடையது? இந்தக் கேள்வியால் பேச்சுவார்த்தையே நின்றுபோன உறவுகளைப் பார்த்து மனம் கனத்திருக்கிறது.

இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். முறையான லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொதுவாக அது பொருந்தும். ஆனால் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், நொறுங்கிய காருக்கு ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும், கிளைம் போட்டால் உரிமையாளர் பல வருடம் சேர்த்த நோ கிளைம் போனஸ் போய்விடும். பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி 50 சதவீதம் வரை இருக்கலாம்.

2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். சட்டம் சொன்ன அந்த இடத்தில் மனதாலும் நில்லுங்கள்.

சாவி வாங்கும் முன் பாலிசியைப் பாருங்கள். மோதினால், இன்சூரன்ஸ் தராத தொகையை நண்பர் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.