இடம் கொடுப்பவர்

மைசூரு, அசோகா சாலை. குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி. மாலை நாலரை.

புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம். சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்றால்தான் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். அங்கே ஒரு குடும்பம் நிற்கிறது. ஆளுக்கொரு கைப்பேசி உயர்ந்திருக்கிறது. டாங்காக்காரர் குதிரையை ஓரங்கட்டிச் சவாரிக்குக் காத்திருக்கிறார்.

உள்ளே இரண்டு வரிசைகள்.

ஒன்று பீடத்துக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கு இறங்குகிறது. அதில் பேச்சு, குழந்தை, தண்ணீர் பாட்டில். மற்றொன்று பக்கச் சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதில் பேச்சு இல்லை. முதலில் இருப்பவர் எழுந்ததும் எல்லோரும் ஓர் இடம் நகர்கிறார்கள்.

பெஞ்சு முடியும் இடத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டி. சாமியார் உட்கார ஓர் இருக்கை. முழங்காலிட ஒரு பலகை. நடுவே துளையிட்ட தட்டி. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ வற்புறுத்திப் பரப்பிய அமைப்பு இது. முகம் இந்தப் பக்கமே நின்றுவிடும். குரல் மட்டும் போகும். போன குரல் திரும்பி வெளியே வராது. கேட்டதை வெளியே சொல்லும் குரு அந்தக் கணமே சபைக்குப் புறம்பாகிறார்.

சாமியாரின் ஊதா நிறத் தோள்துகில் நுனி மட்டும் வெளியே தெரிகிறது.

பெஞ்சில் முதலில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். கையில் நோட்டிலிருந்து கிழித்த தாள். படிக்கிறான். ஒரு வரியை அடிக்கிறான். கூரையைப் பார்க்கிறான். அடித்த வரியை மறுபடி எழுதுகிறான்.

அடுத்து ஒரு பாட்டி. சேலைத் தலைப்பு முக்காடாகியிருக்கிறது. பக்கத்தில் பேத்தி.

"சாமி தமிழ்ல கேப்பாரா?"

"கேப்பாரு அஜ்ஜி."

சற்று முன் வாசலில் மெழுகுவர்த்திக்காரியிடம் பாட்டி கன்னடத்தில் பேரம் பேசினாள். தடங்கலே இல்லாத கன்னடம். இப்போது இரண்டாம் முறையும் கேட்கிறாள்.

"தமிழ்ல கேப்பாரில்ல?"

அவளுக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காக வைத்திருக்கிறார்.

பையன் போகிறான், வருகிறான். தாளை எட்டாக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணிக்கிறான். பாட்டி போகிறாள். முழங்காலிட நேரமாகிறது. எழுந்திருக்க அதைவிட நேரமாகிறது.

சட்டைக்காரரின் முறை. பின்னால் திரும்பி, நர்ஸ் உடையிலிருக்கும் பெண்ணைப் பார்க்கிறார்.

"நீங்க போங்கம்மா. ட்யூட்டி இருக்கும்."

அவள் போகிறாள்.

மற்ற வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிலவறையில் கண்ணாடிக்குள் பிலோமினா சாய்ந்து படுத்திருக்கிறாள். ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையிலிருந்து 1802இல் எடுக்கப்பட்ட எலும்புகள் 13, 14 வயதுச் சிறுமியுடையவை என்றார்கள். அவளுடைய திருப்பண்டம் ஒன்றை 1926இல் மைசூருக்குப் பெற்றுத் தந்தவர் தம்புச் செட்டி, மகாராஜாவின் செயலர். 1933இல் இந்தக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1961இல் ரோம் அவள் பெயரை வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து நீக்கியது. கண்ணாடியைத் தொட்டு முத்தி செய்கிறவர்களின் கைகள் அப்படியேதான் நீள்கின்றன.

பிரான்சில் ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குக் குரு ஜான் மரிய வியான்னி, தன்னிடம் நடந்த அற்புதங்களையெல்லாம் இவள் கணக்கிலேயே எழுதினார். அவர் நாளின் பெரும்பகுதியைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கழித்தவர். சில நாட்களில் பதினாறு மணி நேரம்கூட. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவருக்காக நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

காத்திருப்பது பழைய வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று லாத்தரன் சங்கம் விதித்தது 1215இல். விதிவிலக்கு எவருக்கும் இல்லை. 2014 மார்ச்சில் புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், எல்லோரும் பார்க்க, ஒரு சாதாரணக் குருவின் முன் முழங்காலிட்டார்.

பாட்டி நடுப்பகுதி பெஞ்சில் அபராத ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வலக்கை முட்டியாகி நெஞ்சில் மூன்று முறை விழுகிறது. மெல்லத்தான். பேத்தி சத்தமில்லாமல் வாய் அசைத்துக் கற்றுக்கொள்கிறாள். ஞானோபதேசத்தில் அவளுக்கு ஐந்தும் பாடம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சங்கீர்த்தனம், அபராதம். அற்பப் பாவம் வேறு, சாவான பாவம் வேறு. கனமான காரியம், தெரிந்தே, மனம் ஒப்பிச் செய்தால் அது சாவானது. கடவுளோடு இருக்கும் உறவை அது அறுக்கிறது. அறுந்ததை அறுத்தவன் கையால் முடிச்சிட முடியாது. பிரான்சிலிருந்து வந்த வண்ணக் கண்ணாடியில் அதற்கான விலை தெரிகிறது. இரண்டு கைகள் விரிந்திருக்கின்றன. தலை வலப்புறம் சாய்ந்திருக்கிறது.

நர்ஸ் வந்துவிட்டாள். கண்களைத் துடைக்கிறாள், மணி பார்க்கிறாள், போகிறாள்.

சட்டைக்காரர் மறுபடி திரும்புகிறார். இந்த முறை ஒரு கிழவர்.

"நீங்க முன்னாடி போங்கய்யா."

கிழவர் அவர் முகத்தைப் பார்க்கிறார். எழவில்லை. கைத்தடியால் தொட்டிப் பக்கம் காட்டுகிறார்.

சட்டைக்காரர் எழுகிறார். பேனாவைப் பையிலிருந்து எடுக்கிறார். மறுபடி செருகுகிறார். பலகையில் முழங்காலிடுகிறார்.

பையனுக்கு இரண்டு நிமிடம். பாட்டிக்கு ஐந்து. இவர் போய் நேரமாகிறது. பெஞ்சில் யாரும் நகரவில்லை. யாரும் மணி பார்க்கவில்லை. ஊதாத் துகிலின் நுனி ஒருமுறை முன்னால் சாய்கிறது. சாமியார் குனிந்து கேட்கிறார் போலும்.

சிலுவைப்பாதைக்கு ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள். கோயில்பிள்ளை ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிறார்.

சட்டைக்காரர் எழுகிறார். கடைசி பெஞ்சில் சற்று நேரம் முழங்காலில் இருக்கிறார். செருப்பு ஞாபகம் வந்து திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறார்.

வெளியே படியில் நின்று கைப்பேசியை எடுக்கிறார். எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. மணி போகிறது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. டாங்காக்காரர் சவாரியா என்று சைகையில் கேட்கிறார். இவர் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை அழுத்துகிறார்.

"அண்ணா, நான்தான். வெச்சிராதீங்க. அம்மா வளையல்... அது திருடு போகலை. எங்கிட்டதான் இருந்துது. ஒண்ணை வித்துட்டேன். இன்னொண்ணு இருக்கு."

மறுமுனையில் குரல் உயர்கிறது. படியில் ஏறி வருகிறவர்களுக்கும் கேட்கிறது. இவர் கைப்பேசியைக் காதிலிருந்து விலக்கவில்லை. முழுதும் கேட்கிறார்.

"ஆமாண்ணா. அண்ணி மேல பழி சொன்னதும் நான்தான். அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்க."