ஒற்றை ஆளாய் நின்றவருக்கு

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் ஐயா, 1911இலேயே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஆனாலும் பட்ட கடனைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? தீர்ப்புகளைப் படிப்பதே பிழைப்பாகிப்போன எனக்கு, மாறுபட்ட தீர்ப்பையும் கடைசி வரிவரை படிக்கும் பழக்கம் உங்களால் வந்தது.

ஐயா, உங்கள் அரசியல் தோல்விகளுக்கு முதல் நன்றி. கென்டக்கியில் அடிமைகளை வைத்திருந்த குடும்பம் உங்களுடையது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கர்னலாக இருந்தும், அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தத்தை எதிர்த்துப் பேசினீர்கள். 1871இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது எதிர்த்தரப்பினர் அந்தப் பழைய பேச்சைக் கிளறினார்கள். நீங்கள் மழுப்பவில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதைவிடச் சரியான பக்கம் நிற்பதே மேல் என்று மேடையிலேயே அறிவித்தீர்கள். தோற்றீர்கள்; 1875இலும் தோற்றீர்கள். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று சாதிப்பவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அந்தத் தோல்விகள் பெரிய வரவு.

ஐயா, உங்கள் துணைவியார் மால்வினாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். விடுதியிலும் நாடக அரங்கிலும் ரயிலிலும் நிறபேதம் கூடாது என்ற சட்டத்தை 1883இல் உங்கள் நீதிமன்றத்தின் மற்ற எட்டு நீதிபதிகளும் செல்லாது என்றார்கள். மறுத்து எழுத உட்கார்ந்த உங்களுக்கு எழுத்து நகரவில்லை. கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் எழுதிய தலைமை நீதிபதி டேனியின் மைக்கூடு உங்கள் வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிறு நீங்கள் தேவாலயம் போயிருந்த நேரத்தில் அம்மையார் அதைத் துலக்கி, மை நிரப்பி, மற்ற மைக்கூடுகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு உங்கள் மேசையில் வைத்தார். பிறகு எழுத்து தடையின்றி ஓடியதாகத் தம் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். கணவருக்கு என்ன தேவை என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர் அந்த நீதிமன்றத்தில் நிச்சயம் இல்லை!

ஐயா, 1896இல் ஹோமர் பிளெஸ்ஸி வழக்கு. ரயிலில் இரு இனத்தாருக்கும் தனித்தனிப் பெட்டி, ஆனால் சமமான வசதி என்ற லூசியானா சட்டம் செல்லும் என்று ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். வெள்ளையரைக் கறுப்பினத்தவரின் பெட்டியிலிருந்து விலக்கவா இந்தச் சட்டம் வந்தது, அதன் நோக்கம் யாருக்குத்தான் தெரியாது என்று நீங்கள் கேட்டீர்கள். அரசியல் சாசனத்துக்கு நிறம் தெரியாது என்றீர்கள். சட்டத்தின் வாசகத்தோடு நிற்காமல் அது யார்மீது விழுகிறது என்று பார்க்க அங்கேதான் கற்றேன்.

ஐயா, நெருங்கியவரிடம் குறையையும் சொல்லலாம் அல்லவா? அதே மறுப்பில் சீனரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தால் கூசுகிறது. அமெரிக்க மண்ணில் பிறந்த வோங் கிம் ஆர்க் குடிமகன் அல்ல என்ற தரப்பிலும் 1898இல் சேர்ந்துகொண்டீர்கள். அதை மறைத்து உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

ஐயா, கறுப்பினத்தவருக்காக வாதாடிய தர்குட் மார்ஷல் மனம் தளர்ந்தபோதெல்லாம் உங்கள் பிளெஸ்ஸி மறுப்பைத்தான் எடுத்துப் படிப்பாராம். 1954இல் அவர் பள்ளிகளில் நிறப் பிரிவினைக்கு எதிரான வழக்கை வென்றபோது ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். பள்ளிகளை எப்படி ஒன்றிணைப்பது என்று அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பில் பங்கெடுத்த ஒன்பது பேரில் ஒருவர் உங்கள் பேரன். அவர் பெயரும் ஜான் மார்ஷல் ஹார்லன்தான்.