நல்ல நாளில் உட்காருங்கள்

சரவாங்கி என்று ஊர்ப்பக்கம் சொல்லும் முடக்குவாதம் வந்தவர்களிடம் எல்லாரும் வலியைப் பற்றிக் கேட்பார்கள். அசதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விரல் கணு வீங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. இரவெல்லாம் தூங்கி எழுந்தவள் பல் துலக்கிவிட்டு மறுபடி கட்டிலில் சாய்ந்தால், வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பல். இந்த நோயோடு வயதானவள் என்ற முறையில் சொல்கிறேன்: வலிக்குக்கூட உடம்பு பழகிக்கொள்கிறது, அசதிதான் ஆளை வீழ்த்துகிறது.

இது உடம்பில் நடப்பது. நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்கும்போது ரத்தத்தில் சேரும் அழற்சிப் பொருள்கள் மூளை வரை எட்டுகின்றன. காய்ச்சலில் படுத்தே கிடக்கத் தோன்றுவதும் இந்த வழியில்தான். ரத்தசோகையும் பலருக்குக் கூடவே இருக்கும். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போடுகிறவர்கள் சிலருக்கு மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. ஆகவே “எல்லாம் மனசுதான்” என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அப்படியிருந்தும் மனதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நோய் தந்த அசதியின் மேல் நம் எண்ணங்கள் இன்னொரு சுமையை ஏற்றுகின்றன. அந்தச் சுமையை இறக்க நம்மால் முடியும்.

மோசமான நாளைவிட நல்ல நாளில்தான் இந்தச் சுமை ஏறத் தொடங்குகிறது. ஒரு காலையில் விரல் மடங்குகிறது, கால் தரையில் ஊன்ற முடிகிறது. உடனே, “இன்னைக்கு உடம்பு நல்லா இருக்கு, எல்லாத்தையும் முடிச்சிடுவோம்” என்று கிளம்பிவிடுகிறோம். பரணைத் துடைத்து, போர்வையெல்லாம் துவைத்து, மாவும் அரைத்து வைக்கிறோம். அடுத்த இரண்டு நாள் படுக்கை. படுத்தபடி, “நான் வீட்டுக்குப் பாரம், இனி இப்படியேதான்” என்று நினைக்கிறோம். அந்த நினைப்பில் உறக்கம் கெடுகிறது, கை கால் அசைவதும் குறைகிறது, அசதி இன்னும் கூடுகிறது. மறுபடி ஒரு நல்ல நாள் வந்ததும் விட்ட வேலையையெல்லாம் ஈடுகட்ட ஓடுகிறோம்.

என் தலைமுறைப் பெண்களுக்கு இந்த ஓட்டம் ஆழமாகப் பதிந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்ற பேச்சுக்குப் பயந்தே வளர்ந்தோம். செய்து முடித்த வேலையை வைத்துத்தான் எங்களை நாங்களே மதித்துக்கொண்டோம். உழைக்க முடியாத நாளில் அந்த மதிப்பும் போய்விடுகிறது. உடம்பைவிட இது அதிகம் வதைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 7 மருத்துவமனைகளில் 333 முடக்குவாத நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பாதியினரைக் குழுக்களாக உட்காரவைத்து, இந்த எண்ணச் சுழலையும் வேலையைப் பிரித்துச் செய்வதையும் பற்றிப் பேசவைத்தார்கள். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். மூட்டுநோய்ப் பிரிவின் செவிலியர்களும் அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்களும்தான். அசதி வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு ஓரளவு குறைந்தது. 2 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பலன் நின்றது. பெரிய அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கொஞ்சமே பெரிது.

நல்ல நாளில், இன்னும் தெம்பு மிச்சமிருக்கும்போதே உட்காருங்கள். பாதித் துணி மடித்தால் போதும். கீரையை ஸ்டூலில் உட்கார்ந்து ஆயலாம். “என்னால் ஒன்றும் முடியவில்லை” என்று தோன்றினால் அதை உண்மையோடு ஒத்துப்பாருங்கள். காலையில் முடியவில்லை, இறுக்கம் விட்டபிறகு, பதினொரு மணிக்கு மேல் முடிகிறது. முன்னதைவிட இதுவே சரியான செய்தி.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். நாட்பட்ட சோர்வு நோய் என்று தனியே ஒன்று உண்டு. அதில் சிறு உழைப்புக்குப் பிறகும் நிலைமை மோசமாகிவிடும். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை அதற்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2021இல் சொல்லிவிட்டது. அந்த நோய் உள்ளவர்களைப் பார்த்து “கொஞ்சம் நட, சரியாயிடும்” என்று யாரும் சொல்லக் கூடாது.

அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது “ரொம்ப அசதி” என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் பிறகு, எத்தனை நாள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.