இது யார் வீட்டுச் சைக்கிள்?

சமையலறைக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பிரான்சில் பல வீடுகளில் மிளகு அரைக்கிற சின்ன மர மில்லில் ‘பெஜோ’ என்று பெயர் போட்டிருக்கும். அந்தக் குடும்பத்தார் 1840-ல் காப்பிக்கொட்டை அரைக்கும் மில் செய்தார்கள். 1874-ல் மிளகு மில். 1882-ல் சைக்கிளில் இறங்கி, அதற்கப்புறம்தான் காருக்கே போனார்கள்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் குடித்தனம். லிசேயில் படிக்கும் எங்கள் பையன், தெருவோரப் பழைய சாமான் சந்தையில் அறுபது யூரோவுக்கு ஒரு சைக்கிள் வாங்கி வந்தான். வளைந்த ஹாண்டில்பார், மெல்லிய சக்கரம். மேலே யாரோ நீலப் பெயிண்டை அப்பியிருந்தார்கள். பெயர் கிடையாது. பின்னால் கியர் மாற்றும் கருவி ஜப்பான் ஷிமானோ. முன்னால் இருப்பது பிரான்சின் சிம்ப்ளெக்ஸ். பிரேக், கிளெர்மோன் ஃபெராந்து ஊரில் செய்த மாஃபாக். சக்கரம் இரண்டும் இரண்டு தினுசு. “ஓட்டைக் காயலான் சாமானுக்கு அறுபதா? தூக்கிப் போடு!” என்றார் இவர். பையனோ, “இது பந்தயச் சைக்கிள்ப்பா” என்று ஒரே பிடிவாதம்.

எனக்கு உறுத்தியது வேறு. இடது பெடலைக் கையால் ஆட்டினால் லொடலொடவென்றது. ஒரு கடைக்காரர் ஸ்பானரால் ஒரு முறுக்கு முறுக்கி, “சரியாப் போச்சு” என்று அனுப்பிவிட்டார். வாசலில் நாலு சுற்று சுற்றியதுமே மறுபடி ஆட்டம். “இதைச் சரி பண்ணாமல் ரோட்டில் இறங்கக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பிள்ளை இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது வந்தவர்தான் இவருடைய தாய்மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. சைக்கிள் என்றால் உயிர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, மேலே மாட்டியிருக்கிறதெல்லாம் இரவல் நகை. அதைப் பார்த்தா குலம் கோத்திரம் தெரியாது. உடம்பைப் பாரு” என்றார். உடம்பு என்றால் ஃபிரேம்.

முதலில் நடு அச்சைக் கழற்றினார். பழைய பிரெஞ்சுச் சைக்கிளில் அதன் இரண்டு பக்கக் கப்புக்கும் வலது மரைதானாம். ஆங்கிலச் சைக்கிளில் வலப்பக்கக் கப் மட்டும் இடது மரை. இங்கே இரண்டும் வலது மரை; அளவு 35 மில்லிமீட்டர். “அசல் பிரெஞ்சுக்காரிதான்!” என்று மாமா சிரித்தார். 1980-களில் பிரெஞ்சுக் கம்பெனிகளும் ஆங்கில அளவுக்கு மாறிவிட்டதால், இது அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

பிறகு சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயில் நீலப் பெயிண்டை மெதுவாகச் சுரண்டினார். உள்ளே கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம்! 1975-லும் 1977-லும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்த தெவ்னே அணிந்த பெஜோ அணிச் சட்டையிலும் இதே கட்டம்தான். பையன் குதித்தான்.

ஆனால் மாமா சீட்டுத் தண்டை உருவி அளந்தார். ரெனால்ட்ஸ் 531 குழாயில் செய்த பெஜோ பந்தயச் சைக்கிளில் அது 26.4 மில்லிமீட்டர் இருக்குமாம். இதில் 24 தான். அப்படியென்றால் சாதாரண எஃகு. பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. “பந்தயக்காரன் மூணு வருஷம் ஓட்டிட்டு வேற வாங்குவான். இதை எவனோ ஒரு உழைப்பாளி ஆயுசுக்கும் ஓட்டியிருக்கான். ஒண்ணு உடைஞ்சா கைக்குக் கிடைச்சதைப் போட்டு ஓட்டியிருக்கான். எது உசத்தி?” என்றார் மாமா. சிம்ப்ளெக்ஸ் 1960-களில் கியர் கருவிகளை டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. வயதானால் அது விரியும். அதனால் பலரும் ஜப்பான் கருவிக்கு மாறினார்கள்.

கடைசியில் அந்தப் பெடல். பிரெஞ்சுப் பெடல் தண்டு 14 மில்லிமீட்டர். ஆங்கில அளவு 14.28. இடது கிராங்கை மாற்றிய யாரோ ஆங்கில மரை உள்ளதைப் போட்டு, பழைய பிரெஞ்சுப் பெடலையே திருகியிருக்கிறார்கள். கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் எத்தனை முறுக்கினாலும் பிடிக்காது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது கழன்று வந்தால், பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் விழுவான். கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாமா எங்கோ தேடி, பிரெஞ்சு மரை கிராங்க் ஒன்று கொண்டுவந்து மாட்டினார். இப்போது பெடல் அசையவில்லை. பையனும் தினம் லிசேக்கு அதில்தான் போகிறான்.

பிள்ளைகளுக்குப் பழைய சைக்கிள் வாங்கும் அம்மாக்களே, இதைக் கவனியுங்கள்:

* பெடல், கிராங்க், ஹாண்டில் தண்டு மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். பிரெஞ்சு ஹாண்டில் தண்டு 22 மில்லிமீட்டர், மற்றவை 22.2. இதிலும் தவறான ஜோடி ஆபத்து.

* டயர் வாங்குமுன் இரண்டு சக்கரத்தின் அளவையும் தனித்தனியே படியுங்கள். எங்கள் சைக்கிளில் பின்சக்கரம் 700, ரிம் 622 மில்லிமீட்டர். முன்சக்கரம் 27 அங்குலம், ரிம் 630. ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது.

* இறுக்கியும் மறுபடி தளர்கிற உறுப்பை மேலும் இறுக்கச் சொல்லாதீர்கள். கழற்றி அளக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுப் போட்டது என்பதற்காக ஒரு பொருளை ஒதுக்க வேண்டாம். எந்த ஒட்டு பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்துகொண்டால் போதும். பழம்புடவையில் தலையணை உறை தைக்கிற நமக்கா இது தெரியாது?