அகலமான காரில் ஜவ்வாது மலைக்கு!

நண்பன் கார் வாங்கிவிட்டான். நாலாவது கை. முதல் கைக்காரர் வாங்கியபோது நண்பன் பிறந்திருக்கவே இல்லை. என்ன கார் என்று மட்டும் கேட்காதீர்கள். வரப்போகும் சம்பவங்களை உத்தேசித்து அதன் பெயரை வெளியிடுவதாக இல்லை. வயதான காலத்தில் அதற்கும் மானம், மரியாதை உண்டு.

"சனிக்கிழமை ஜவ்வாது மலை போறோம்டா. அப்பாவும் வர்றார். அவருக்காகத்தான் இந்தக் காரே" என்றான்.

வேலூரில் அவன் வீட்டுக்குப் போனால், அப்பா ஏற்கெனவே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நேரம் காலை ஐந்தரை. மணி ஏழுக்குத்தான் கிளம்புவதாக ஏற்பாடு!

நோட்டை என்னிடம் நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கார் விளம்பரங்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பழைய பேப்பர் கடைகளில் பொறுக்கிய அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, மைதாப் பசை போட்டு ஒட்டியது. எல்லாம் படங்கள்தான், போட்டோ இல்லை. ஒரு சிவப்பு கார்... அதை கார் என்பதா, கல்யாண மண்டபம் என்பதா? முன் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, பக்கத்தில் இன்னும் மூன்று பேருக்கு இடம் பாக்கி. பின்னால் கடற்கரை ஓட்டல். கதவருகே முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டி.

"இது பான்டியாக். 1960-ன்னு நினைக்கிறேன். ஓரத்துல பாருங்க தம்பி, ஏ.எஃப்., வி.கே.ன்னு கையெழுத்து இருக்கும்" என்றார் அப்பா.

இருந்தது.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இரண்டு கில்லாடிகள். ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக், வான் காஃப்மன். முன்னவர் காரை மட்டும் வரைவார். பின்னவர் மனிதர்கள், மரம், மாளிகை. டிஸ்னி கார்ட்டூன் கூடத்தில் வேலை பார்த்த கை அது. 1959-லிருந்து 1971 வரை பான்டியாக்குக்கு இருவரும் சேர்ந்து வரைந்து தள்ளினார்கள். 1959-ல் அந்தக் கம்பெனி தன் கார்களின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை சுமார் 5 அங்குலம் கூட்டி, அதையே பெரிய விஷயமாகத் தம்பட்டம் அடித்தது. ஓவியர்கள் சும்மா இருப்பார்களா? 5 அங்குலத்தை 5 அடி மாதிரி காட்டிவிட்டார்கள்!

இவர்கள் மட்டுமல்ல. முப்பதுகளிலிருந்தே அமெரிக்காவில் இது தொழில் தர்மம். காரின் போட்டோவைப் பட்டை பட்டையாக நறுக்கி, இடைவெளி விட்டுப் பரப்பி, அதன்மேல் வரைவது ஒரு வழி. கார் ரப்பர் மாதிரி நீளும். உள்ளே உட்காரும் ஆசாமிகளை முக்கால் சைஸுக்குச் சுருக்குவது இன்னொரு வழி. மூன்றாவது, பார்வையைத் தரையோடு தரையாக வைப்பது. எறும்பின் கண்ணுக்கு எல்லா காரும் ராஜாவின் ரதம்தானே?

நமக்கு இதெல்லாம் புதிதா என்ன! மவுண்ட் ரோட்டில் அறுபது அடி கட்-அவுட்டில் ஹீரோவையும், அவர் முழங்கால் உயரத்துக்கு வில்லனையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

"அவங்க அங்க வரைஞ்சதைப் பார்த்து இங்க நான் வாங்கணும்னு நினைச்சேன் பாருங்க..." என்று சிரித்தார் அப்பா. "போளூர்ல குமாஸ்தாவா இருந்தப்போ தினம் ஜன்னல் வழியா இந்த மலை தெரியும். ஒரு நாள் சொந்தக் கார்ல குடும்பத்தோட மேல ஏறணும்னு ஆசை. சம்பளம் பஸ்சுக்குத்தான் சரியா இருந்துச்சு."

அந்தக் காலத்தில் சம்பளம் இருந்தாலும் கார் கிடைத்துவிடாது. மொத்தமே மூன்று ஜாதி: அம்பாஸடர், ஃபியட், நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்க வருகிறவனுக்கே வண்டி இல்லாத ஊரில் விளம்பரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

போளூர் தாண்டி அத்திமூர் வரை வண்டி சமர்த்தாக வந்தது. மலைப் பாதை ஆரம்பித்ததும் அதன் சுயரூபம் தெரிந்தது. முதல் வளைவில் முனகியது. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் பானெட்டிலிருந்து புகை. நண்பன் "ஆவிதான், ஆவிதான்" என்றான், என்னவோ அது நல்ல செய்தி மாதிரி.

ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மூடியைத் திறக்கப் போன என் கையை அப்பா தட்டிவிட்டார். "ஆறட்டும் தம்பி. சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துடும்." அறுபது வருஷமாக கார் இல்லாமலே கார் ஓட்டிய மனிதர்!

தலையில் விறகோடு வந்த மலைக்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். இங்கே இருக்கும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், பேசுவது தமிழ்.

"எத்தினி பேரு வந்தீங்க?"

"மூணு பேர்."

வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "மூணு பேருமா இதுக்குள்ள?" என்றார். பான்டியாக் ஓவியர்கள் கேட்டிருந்தால் தூரிகையைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் மனுஷன் விறகை இறக்கி வைத்துவிட்டுப் போய், எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காசு நீட்டினோம். வாங்கவில்லை.

ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும்போது மத்தியானம். மலைக்கு இதுதான் தலைநகரம். சாமை, தேன், புளி, பலா எல்லாம் இங்கேதான் இறங்கி ஏறும். பீமன் அருவிக்குப் போனோம். வழவழப்பான பாறையில் தண்ணீர் சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டிருந்தது. அப்பா கால் நனைத்துவிட்டு உடனே திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டார். அருவி எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமாம்!

சாயங்காலம் காவலூர். இங்கே இருக்கும் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி இருக்கிறது. முழுக்க இந்தியாவிலேயே செய்து 1986-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். நம் கணித மேதை வானத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

பொதுமக்களுக்காக வைத்திருந்த சின்ன தொலைநோக்கியில் சனிக்கிரகம் பார்த்தோம். குழந்தை விரலுக்குப் போடும் மோதிரம் மாதிரி இத்துனூண்டு! பக்கத்தில் நின்ற அப்பா, "நிஜத்துல பூமி மாதிரி ஒன்பதை வரிசையா வைக்கலாமே இதோட குறுக்கே..." என்று முணுமுணுத்தார். பிறகு மெதுவாக, "நம்ம ஓவியர் பண்ணினதுக்கு நேர் தலைகீழ்" என்றார்.

எனக்கு ஃபோக்ஸ்வேகன் ஞாபகம் வந்தது. பான்டியாக் அகலமாகத் தொடங்கிய அதே 1959-ல், அவர்கள் தங்கள் ஆமை வண்டியின் போட்டோவை வெள்ளைத்தாளின் மூலையில் தம்மாத்துண்டாகப் போட்டு, சின்னதாக யோசியுங்கள் என்ற பொருளில் தலைப்புக் கொடுத்தார்கள். விளம்பர உலகமே அசந்துபோனது. பின்னால் போட்டோக்கள் வந்து ஓவியர்களின் இடத்தைப் பிடித்தன. பான்டியாக்கும் 2010-ல் மூடிவிட்டது, நம்ம அம்பாஸடர் 2014-ல். சின்ன வயதில் அப்பா ஒட்டிய மைதாப் பசை மட்டும் இன்னும் விடவில்லை.

ராத்திரி அங்கேயே ஒரு விடுதி. காலையில் கிளம்பும்போது மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அப்பா. பின்னால் மலை மடிப்பு மடிப்பாக, பனியோடு.

"ஒரு போட்டோ எடுங்க தம்பி."

நோட்டைத் திறந்து அந்த சிவப்பு பான்டியாக்கைக் காட்டினார். "உங்க அம்மாகிட்ட இதைக் காட்டினேன், கல்யாணமான புதுசுல" என்று நண்பனிடம் சொன்னார். "'இது நம்ம தெரு முனையில திரும்பாதே'ன்னா. ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா." அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. நண்பன் எதுவும் பேசாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா பானெட் மேல் கையை வைத்து நின்றார். நான் மொபைலைத் தூக்கினேன்.

"அப்படி இல்ல. கீழ உக்காந்து எடுங்க. இன்னும் கீழ..."

ஓவியர்களின் சூத்திரம்! வெள்ளை பேன்ட் என்றும் பாராமல் செம்மண்ணில் முழங்கை ஊன்றிப் படுத்தேன்.

"அந்தக் கதவுப் பக்கம் இடம் விட்டு எடுங்க. அது அவ நிக்கிற இடம்."

எடுத்தேன். பேன்ட்டின் செம்மண் இரண்டு சலவைக்கும் போகவில்லை. போட்டோ இப்போது அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வண்டி இறங்கும்போதும் இரண்டு தடவை கொதித்தது என்பதெல்லாம் அதில் தெரியாது. மலைக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, அகலமாக, ராஜா மாதிரி நிற்கிறது கார்.