பெயரை மட்டும் தொடாதே

லினக்ஸ்தானே, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்பார்கள். நிரலுக்குச் சரி. பெயருக்கு?

2004இல் வந்த சென்ட்ஓஎஸ் கதையைப் பாருங்கள். ரெட் ஹேட் காசுக்கு விற்ற எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரலை எடுத்து, மறுபடி தொகுத்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஜிபிஎல் போன்ற உரிமங்கள் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் அது காப்புரிமைச் சங்கதி. வணிகச்சின்னம் வேறு சட்டம். 2005இல் ரெட் ஹேட் வக்கீல்களின் கடிதம் வந்தது. அதன்பின் சென்ட்ஓஎஸ்காரர்கள் அந்தப் பெயரையே எழுதாமல், 'வட அமெரிக்காவின் பிரபல எண்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம்' என்று சுற்றி வளைத்தார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத பாட்டிகள் மாதிரி!

சிரிப்பு இருக்கட்டும், வேலையைப் பாருங்கள். சிவப்புத் தொப்பிப் படம், துவக்கத் திரை என்று தேடித்தேடி மாற்ற வேண்டும். ஆனால் 'ரெட்ஹேட்-ரிலீஸ்' என்ற கோப்பின் பெயரில் கைவைக்க முடியவில்லை. சில மென்பொருள்கள் அதைத் தேடிப் பார்த்துத்தான் வேலை செய்யும்.

நிரலை ஊருக்கே கொடுத்துவிட்ட கம்பெனிக்கு மிஞ்சுவது குட்வில்தான். அதைக் காப்பதில் தப்பில்லை. 2014இல் சென்ட்ஓஎஸ் என்ற பெயரின் உரிமையும் ரெட் ஹேட்டிடமே போனது. 2020 டிசம்பரில் சென்ட்ஓஎஸ் 8ஐ நிறுத்தப்போவதாக அறிவித்ததும், அதே வேலையைத் தொடர நினைத்தவர்கள் ராக்கி, அல்மா என்று புதுப் பெயர் தேட வேண்டியதாயிற்று.